பொது உண்டியல் உடைந்த கதை

நெருப்பு இன்சூரன்ஸ், கப்பல் இன்சூரன்ஸ், ஆயுள் இன்சூரன்ஸ் ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். கிடங்கு தீப்பற்றி எரிந்தால் வணிகருக்கு ஈடு கிடைக்கிறது. சரக்குக் கப்பல் மூழ்கினால் அதன் உரிமையாளர் ஓட்டாண்டியாகாமல் தப்புகிறார். குடும்பத் தலைவர் இறந்தால் மனைவி மக்களுக்கு ஒரு தொகை வந்து சேருகிறது. பல நாடுகளில் இவற்றைத் தனியார் கம்பெனிகள் நெடுங்காலமாக நடத்தி வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒழுங்காகவே நடத்தி வந்திருக்கின்றன. ஆனால் நோய்க்கான இன்சூரன்ஸையும் அதே முறையில் நடத்த முயன்றபோது ஒரு விந்தையான கோளாறு தோன்றியது. எவருக்கு அது மிகவும் தேவையோ, அவருக்கே அது கிடைக்காமற் போயிற்று.

இந்தக் கோளாறு ஏன் தோன்றியது? சிலருடைய பேராசை மட்டுமே காரணமா? அல்லது கணக்கிலேயே ஏதேனும் சிக்கல் இருக்கிறதா? இதை அறிந்துகொள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. மக்களின் மருத்துவச் செலவைத் தனியார் இன்சூரன்ஸிடம் மிகப் பெரிய அளவில் ஒப்படைத்துப் பார்த்த நாடு அது. மருத்துவ அறிவியலில் முன்னணியில் நிற்கும் அந்நாட்டிலேயே, 2023-ஆம் ஆண்டில் சுமார் இரண்டரைக் கோடிப் பேர் எந்த மருத்துவ இன்சூரன்ஸும் இல்லாமல் இருந்தார்கள்.

ஆசிரியர்களின் ஐம்பது சென்ட்

கதை 1929-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள டல்லஸ் நகரில் தொடங்குகிறது. அங்கே பெய்லர் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மருத்துவமனை ஒன்று கடனில் தவித்துக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றிருந்தவர் ஜஸ்டின் ஃபோர்டு கிம்பால். அவர் மருத்துவர் அல்லர். முன்னர் அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோது, வசூலாகாத பாக்கிகளில் தமக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர்கள் பலருடைய பெயர்கள் இருப்பதைக் கண்டார். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். சொற்பச் சம்பளக்காரர்கள், எதிர்பாராமல் வந்த நோயின் செலவைக் கட்ட முடியாதவர்கள்.

கிம்பால் ஒரு கணக்குப் போட்டார். ஆசிரியர்கள் ஓராண்டில் எத்தனை நாள் நோயுற்று விடுப்பில் இருக்கிறார்கள் என்ற பழைய பதிவுகள் அவருக்குக் கிடைத்தன. யாருக்கு நோய் வரும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு வரும் என்பதை ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடலாம். அந்தக் கணக்கின்படி, மாதம் 50 சென்ட் சந்தா செலுத்தும் ஆசிரியருக்கு ஆண்டில் 21 நாள்வரை மருத்துவமனையில் இடமளிக்கலாம் என்று கண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். 1929 டிசம்பரில் திட்டம் தொடங்கியது. அந்தக் குளிர்காலத்திலேயே ஓர் ஆசிரியை உறைபனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். திட்டத்தின் முதல் பயனாளி அவரே.

அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்திருந்தது. அதைத் தொடர்ந்து வந்த பெருமந்தம் மருத்துவமனைகளையும் விடவில்லை. ஒரு நோயாளியிடமிருந்து மருத்துவமனைகளுக்குச் சராசரியாகக் கிடைத்து வந்த 236 டாலர், ஒரே ஆண்டில் 59 டாலராகக் குறைந்தது. நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவை. மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் தேவை. நடுவில் பணம் இல்லை. எனவே பெய்லர் திட்டத்தைப் பார்த்து மற்ற ஊர் மருத்துவமனைகளும் அதைப் பின்பற்றின.

சீட்டும் இன்சூரன்ஸும்

இங்கே சற்று நின்று, இன்சூரன்ஸ் என்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் தெருக்களில் சீட்டு நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இருபது பேர் மாதந்தோறும் பணம் போடுகிறார்கள். முறைவைத்து ஒவ்வொருவரும் மொத்தத் தொகையை எடுத்துக்கொள்கிறார்கள். போட்ட பணம் என்றேனும் ஒரு நாள் திரும்பிவிடும். இன்சூரன்ஸ் அப்படிப்பட்டதன்று. அது ஒரு பொது உண்டியல். எல்லோரும் போடுகிறார்கள், இடர் வந்தவர் மட்டுமே எடுக்கிறார். எடுக்கும் முறை நமக்கு வராமல் இருப்பதே நம்முடைய நற்பேறு!

ஆகவே இந்த உண்டியல் நிலைத்திருக்க ஒரு நிபந்தனை உண்டு. நலமுள்ளவர்களும் அதில் பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளிகள் மட்டும் சேர்ந்து ஓர் உண்டியல் வைத்தால் அதற்குப் பொருளே இல்லை. டல்லஸ் ஆசிரியர்களின் திட்டம் வெற்றி பெற்றதன் இரகசியம் இதுதான். அவர்கள் நோயாளிகள் என்பதற்காகச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆசிரியர்கள் என்பதற்காகச் சேர்ந்தவர்கள். எனவே அந்தக் கூட்டத்தில் இளைஞரும் முதியவரும், வலியவரும் மெலியவரும் இயல்பாகவே கலந்திருந்தனர்.

இதைப் போன்ற திட்டங்கள் விரைவில் நீலச் சிலுவை ஒன்றைச் சின்னமாகக் கொண்டு, ‘புளூ கிராஸ்’ என்ற பெயரைப் பெற்றன. சென்னையில் வாயில்லாப் பிராணிகளைக் காக்கும் புளூ கிராஸ் வேறு, இது வேறு. மருத்துவர்களின் கட்டணத்துக்கென ‘புளூ ஷீல்டு’ என்ற திட்டங்களும் பின்னர் தோன்றின. இலாப நோக்கமின்றி நடத்தப்பட்டவை என்பதால், பல மாநிலங்கள் இவற்றுக்கு வரிச் சலுகை தந்தன. புளூ கிராஸின் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஓர் ஊரில் அல்லது வட்டாரத்தில் உள்ள எல்லோருக்கும் சந்தா ஒன்றே. இளைஞனுக்கு ஒரு கட்டணம், முதியவருக்கு ஒரு கட்டணம் என்று இல்லை. இதை ‘ஊர்ச் சராசரிச் சந்தா’ என்று நாம் அழைக்கலாம்.

போர் தந்த திருப்பம்

இத்தகைய பொது உண்டியலை அரசாங்கமே நாடு முழுவதற்கும் ஏற்படுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிற நாடுகளில் அதுவே நடந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களுக்கு நோய் இன்சூரன்ஸைச் சட்டத்தால் கட்டாயமாக்கினார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். பிரிட்டன் 1948 ஜூலை 5-ஆம் நாள் வரிப்பணத்திலிருந்து அனைவருக்கும் சிகிச்சையளிக்கும் தேசிய மருத்துவப் பணியைத் தொடங்கியது. நம் நாட்டின் இ.எஸ்.ஐ. திட்டமும் இந்த வழியில் வந்ததே. 1948-இல் சட்டமாகி, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதில் தொழிலாளியின் சந்தா அவருடைய கூலியைப் பொறுத்தது, நோயைப் பொறுத்ததன்று.

அமெரிக்காவிலோ 1935-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, மருத்துவ இன்சூரன்ஸை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார். மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பால் சட்டம் முழுவதுமே கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். 1945 நவம்பரில் அடுத்த தலைவரான ட்ரூமன், தேசிய மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டுமென்று காங்கிரஸ் சபைக்குச் செய்தி அனுப்பினார். மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் வசூலித்து, விளம்பர நிபுணர்களை அமர்த்தி, அதை ‘சோஷலிச மருத்துவம்’ என்று பிரசாரம் செய்தது. திட்டம் தோற்றது.

இதற்கிடையே எவரும் திட்டமிடாத ஒரு வழியில் தனியார் இன்சூரன்ஸ் வேரூன்றிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஆட்கள் கிடைப்பது அரிதாயிற்று. கூலி ஏறினால் விலைவாசியும் ஏறும் என்று அஞ்சி, அரசாங்கம் 1942-இல் கூலி உயர்வுக்கு வரம்பு கட்டியது. ஆனால் தொழிலாளிக்கு முதலாளி எடுத்துத் தரும் இன்சூரன்ஸ், குறிப்பிட்ட அளவுவரை கூலியாகக் கருதப்படவில்லை. ஆட்களை ஈர்க்க விரும்பிய ஆலைகள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. அந்தத் தொகைக்கு வருமான வரியும் இல்லை என்பதை 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதிப்படுத்தியது. 1940-இல் ஏறக்குறையப் பத்தில் ஒருவரிடம் மட்டுமே இருந்த மருத்துவ இன்சூரன்ஸ், 1950 வாக்கில் மக்களில் பாதிப் பேரை எட்டிவிட்டது.

இவ்வாறு இன்சூரன்ஸ் வேலையோடு ஒட்டிக்கொண்டது. இதிலுள்ள ஆபத்தைக் கவனியுங்கள். வேலை போனால் இன்சூரன்ஸும் போயிற்று. கடும் நோய் வந்தவர் பல நேரங்களில் வேலையை இழக்கிறார். ஆக, மருந்து வேண்டிய நேரத்தில் அதை வாங்கும் வழி அடைபடுகிறது.

ஒரு சிறு கணக்கு

புளூ கிராஸின் வளர்ச்சியைக் கண்ட வணிக இன்சூரன்ஸ் கம்பெனிகள் 1940-களில் இந்தத் துறையில் முனைந்து இறங்கின. அவை ஊர்ச் சராசரிச் சந்தாவைப் பின்பற்றவில்லை. ஒவ்வோர் ஆலையின் தொழிலாளர்களுக்கும் சென்ற ஆண்டு எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்து, அதற்கேற்பச் சந்தாவை வகுத்தன. இளைஞர்கள் நிறைந்த ஆலைக்குக் குறைந்த சந்தா. வயதானவர்கள் நிறைந்த ஆலைக்கு அதிகச் சந்தா. ‘அவரவர் செலவுக்கு ஏற்ற சந்தா நியாயந்தானே’ என்று நமக்கு முதலில் தோன்றும். ஆனால் அதன் விளைவு என்ன என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஓர் ஊரில் 100 பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் 90 பேர் நலமானவர்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டில் மருத்துவச் செலவு 10 ரூபாய். எஞ்சிய 10 பேர் நாட்பட்ட நோயுள்ளவர்கள். ஒவ்வொருவருக்கும் 510 ரூபாய். மொத்தச் செலவு 900-உம் 5,100-உம் சேர்ந்து 6,000 ரூபாய். நூறு பேரும் ஒரே உண்டியலில் இருந்தால் ஆளுக்கு 60 ரூபாய் போட்டால் போதும்.

இப்போது ஒரு கம்பெனி ஊருக்குள் வந்து, ‘நலமானவர்கள் எங்களிடம் வாருங்கள், 20 ரூபாய் கொடுத்தால் போதும்’ என்கிறது. முதலாண்டில் 60 பேர் போகிறார்கள். பழைய உண்டியலில் எஞ்சியவர் 40 பேர். அவர்களுக்கான செலவு 5,400 ரூபாய். சந்தா 60 ரூபாயிலிருந்து 135 ரூபாயாக ஏறிவிடுகிறது. இதைக் கண்ட மற்ற 30 நலமானவர்களும் அடுத்த ஆண்டு வெளியேறுகிறார்கள். இனி எஞ்சியவர் பத்து நோயாளிகள் மட்டுமே. அவர்கள் ஒவ்வொருவரும் 510 ரூபாய் கட்ட வேண்டும். அதாவது, அவர்களுக்கு இன்சூரன்ஸ் என்பதே இல்லாமற் போய்விட்டது.

கம்பெனிக்கு என்ன கிடைத்தது? 90 பேரிடம் தலா 20 ரூபாய் வாங்கி, தலா 10 ரூபாய் செலவழித்து, 900 ரூபாய் மிச்சப்படுத்தியது. இந்த இலாபம் எப்படி வந்தது? ஒரு நோயையும் குறைத்து வரவில்லை. மருந்தை மலிவாக்கி வரவில்லை. நோயாளிகளை வெளியே நிறுத்தியதால் வந்தது. ஊரின் மொத்த மருத்துவச் செலவு அதே 6,000 ரூபாய்தான். அது யார் தலையில் விழுகிறது என்பது மட்டுமே மாறிவிட்டது.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவில் ஓராண்டின் மருத்துவச் செலவைப் பார்த்தால், அதில் ஏறக்குறையப் பாதி மக்களில் 5 சதவீதத்தினருக்கே ஆகிறது. அந்த ஐந்து சதவீதத்தினரை அடையாளங்கண்டு ஒதுக்க முடிந்த கம்பெனிக்கு, வேறு எந்தத் திறமையும் தேவையில்லை. 1950-களின் தொடக்கத்திலேயே வணிகக் கம்பெனிகள் உறுப்பினர் எண்ணிக்கையில் புளூ கிராஸை முந்திவிட்டன. நலமானவர்களை இழந்த புளூ கிராஸ் திட்டங்கள் சந்தாவை உயர்த்தின. பிறகு வேறு வழியின்றித் தாமும் கம்பெனிகளின் முறைக்கே படிப்படியாக மாறின. தனிப்பட்ட எவரையும் இதில் வில்லனாகக் காட்ட வேண்டியதில்லை. ஊர்ச் சராசரிச் சந்தாவைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டிருந்த திட்டம், போட்டியில் முழுகிப்போயிருக்கும்.

முதியோரும் சிறுநீரக நோயாளிகளும்

இந்தப் பிரித்தெடுப்பில் முதலில் வெளியே விழுந்தவர்கள் முதியோர். ஓய்வு பெற்றவருக்கு ஆலை இல்லை. தனியாக வாங்கப் போனால் சந்தா எட்டாத உயரம். 1960 வாக்கில் 65 வயதைக் கடந்த அமெரிக்கர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மருத்துவமனை இன்சூரன்ஸ் இல்லை. பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மருத்துவம் ஏனைய கடைச்சரக்குகளைப் போன்றதன்று என்று விளக்கினார். நோய் எப்போது வரும் என்பது தெரியாது. வந்தால் சிகிச்சை பலிக்குமா என்பதும் தெரியாது. வாங்குபவரைக் காட்டிலும் விற்பவருக்கே பண்டத்தைப் பற்றி அதிகம் தெரியும். எனவே சந்தை தானாகவே எல்லாவற்றையும் சரிப்படுத்திவிடும் என்று இங்கே எதிர்பார்ப்பதற்கில்லை. 1972-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றவர்களுள் ஆரோவும் ஒருவர்.

1965 ஜூலை 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊருக்குச் சென்று, 81 வயதான ட்ரூமன் அருகிலிருக்க ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 65 வயதானவர்களுக்கு ‘மெடிகேர்’ என்ற அரசாங்க இன்சூரன்ஸும், வறியவர்களில் சில பிரிவினருக்கு ‘மெடிகெய்ட்’ என்ற உதவித் திட்டமும் அதனால் பிறந்தன. மெடிகேரின் முதல் அட்டை ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது. கம்பெனிகள் விரும்பாத முதியவர்களை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது; கம்பெனிகள் விரும்பிய இளையவர்கள் கம்பெனிகளிடமே இருந்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவர் 1960-இல் ஒரு சிறு குழாயைக் கண்டுபிடித்தார். டெஃப்லான் என்ற வழவழப்பான பொருளால் ஆன அந்தக் குழாயைக் கையின் இரத்தக்குழாய்களில் பொருத்தி அப்படியே விட்டுவிடலாம். அதுவரை செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் இரத்தக்குழாயைப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. ஆகவே ஒரு நோயாளிக்குச் சில தடவைகளுக்கு மேல் செய்ய முடியாது. புதிய குழாயால், சிறுநீரகம் முற்றிலும் கெட்டவரும் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழலாம் என்றாயிற்று. ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளிகளோ பலர், செலவு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர். யாருக்குச் சிகிச்சை தருவது என்று தீர்மானிக்க 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. அதில் ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி ஆகியோரும் இருந்தனர். நோயாளியின் வயது, குடும்பம், வருமானம், சமூகத்துக்கு அவரால் ஆகும் பயன் ஆகியவற்றை அவர்கள் சீர்தூக்கிப் பார்த்தார்கள். ‘யார் வாழ்வது?’ என்பதைத் தீர்மானிக்கும் குழு என்று பத்திரிகைகள் அதை எழுதியபோது நாடே திடுக்கிட்டது. இறுதியில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், வயதைப் பாராமல் சிறுநீரகம் செயலிழந்த பெரும்பாலோரையும் மெடிகேரில் சேர்த்தது.

சிறுநீரக நோயாளிக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, அதே வயதுள்ள இருதய நோயாளிக்கோ புற்றுநோயாளிக்கோ கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை.

வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

இன்சூரன்ஸ் இல்லாதவர் மருத்துவமனைக்குப் போனால் என்ன ஆகும்? சிகாகோ நகரில் குக் கவுண்டி மருத்துவமனை என்ற பொது மருத்துவமனை இருந்தது. மற்ற மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து அங்கே மாற்றி அனுப்பப்பட்ட 467 நோயாளிகளைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். 87 சதவீதத்தினர் போதிய இன்சூரன்ஸ் இல்லை என்ற காரணத்துக்காகவே அனுப்பப்பட்டிருந்தார்கள். 24 சதவீதத்தினர் வந்து சேர்ந்தபோது நிலையான உடல்நிலையில் இல்லை. எழுத்து மூலம் அவர்களுடைய இசைவைப் பெற்று அனுப்பியது 6 சதவீதத்தினர் விஷயத்தில் மட்டுமே.

அதே ஆண்டில் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும் பரிசோதிக்க வேண்டும். ஆபத்து நீங்கி உடல்நிலை சீர்படும்வரை சிகிச்சை தரவேண்டும். பணமுண்டா என்று கேட்டுத் திருப்பியனுப்பக் கூடாது. நல்ல சட்டந்தான். ஆனால் அது வாசலை மட்டுமே திறந்தது. நீரிழிவு நோயாளி மயங்கி விழுந்தால் அவசரப் பிரிவு அவரைக் காப்பாற்றும். அவர் மயங்கி விழாமலிருக்கத் தேவையான அன்றாட இன்சுலினுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

சிகிச்சைக்குக் கட்டணம் வைக்காவிட்டால் மக்கள் வீணாக மருத்துவரை நாடுவார்கள் என்று சிலர் வாதிட்டனர். இதைச் சோதித்தறிய ‘ராண்ட்’ என்ற ஆய்வு நிறுவனம் 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பல பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிகிச்சை இலவசம். மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைத் தாமே கொடுக்க வேண்டும். கட்டணம் செலுத்தியவர்கள் மருத்துவரிடம் குறைவாகவே சென்றார்கள் என்பது உண்மை. சராசரி மனிதரின் உடல்நலம் அதனால் பெரிதாகக் கெடவும் இல்லை. ஆனால் அவர்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை. தேவையானதையும் அதே அளவு குறைத்துவிட்டார்கள். ஏழைகளில் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, இலவசப் பிரிவில் இருந்தபோதே அழுத்தம் நன்கு கட்டுப்பட்டது. எது தேவை, எது தேவையில்லை என்பதை நோயாளியே அறிவார் என்று எதிர்பார்க்க முடியாதல்லவா?

‘முன்பே நோயுண்டா?’

வேலை மூலம் இன்சூரன்ஸ் கிடைக்காதவர்கள் கம்பெனியிடம் தனியாக வாங்க வேண்டும். அவர்களிடம் நீண்ட கேள்வித்தாள் ஒன்று கொடுக்கப்பட்டது. ஆஸ்துமா உண்டா? நீரிழிவு உண்டா? புற்றுநோய் வந்ததுண்டா? ‘உண்டு’ என்றால் பல மாநிலங்களில் கம்பெனி மறுத்துவிடலாம். அல்லது அந்த நோயை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றுக்கு இன்சூரன்ஸ் தரலாம். நீரிழிவுள்ளவருக்கு நீரிழிவு நீங்கலாக இன்சூரன்ஸ்! குடையைக் கொடுத்துவிட்டு மழையில் விரிக்காதே என்பது போன்றது இது.

இன்னும் கொடிய வழக்கம் ஒன்றும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சந்தா வாங்கியபின், பெருநோய் வந்ததும் பழைய விண்ணப்பத்தைத் தேடியெடுத்து, அதில் ஏதோ ஒரு சிறு விவரம் விடுபட்டது என்று கூறி ஒப்பந்தத்தையே இரத்துசெய்வது. 2009-இல் காங்கிரஸ் குழுவொன்று நடத்திய விசாரணையில், மூன்று கம்பெனிகள் ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 20,000 ஒப்பந்தங்களை இவ்வாறு இரத்துசெய்து, 30 கோடி டாலர் அளவுக்குச் செலவைத் தவிர்த்தது வெளியாயிற்று.

அப்படியானால், ‘எவரையும் மறுக்கக் கூடாது’ என்று சட்டம் போட்டால் தீர்ந்துவிடாதா? சியாட்டில் நகரம் அடங்கிய வாஷிங்டன் மாநிலம் 1993-இல் அப்படியொரு சட்டம் செய்தது. எவரையும் மறுக்கக் கூடாது, எல்லோரும் சேரவும் வேண்டும் என்பது அதன் திட்டம். 1995-இல் எல்லோரும் சேர வேண்டும் என்ற பகுதியை நீக்கிவிட்டார்கள். மறுக்கக் கூடாது என்பது பெரும்பாலும் நீடித்தது. நலமானவர்கள் ‘நோய் வந்தபின் சேர்ந்துகொள்ளலாமே’ என்று வெளியே நின்றார்கள். நோயாளிகள் உள்ளே வந்தார்கள். கம்பெனிகள் நட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. 1999-இல் அம்மாநிலத்தின் ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் தனிநபருக்குப் புதிதாக இன்சூரன்ஸ் விற்க ஒரு கம்பெனியும் இல்லை. நாம் முன்னர் பார்த்த சிறு கணக்கு, ஒரு மாநிலம் முழுவதிலும் நடந்தேறிவிட்டது.

ஒட்டுப்போட்ட உண்டியல்

இந்தப் பாடங்களையெல்லாம் கணக்கில் கொண்டு, 2010 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒபாமா ஒரு பெரும் சட்டத்தில் கையொப்பமிட்டார். 2014 முதல், முன்பே நோயுள்ளவர் என்று கூறி எவரையும் மறுக்கவோ அதிகச் சந்தா கேட்கவோ கூடாது. வசதியிருந்தும் இன்சூரன்ஸ் எடுக்காதவர்களுக்கு அபராதம்; வருமானம் குறைந்தவர்களுக்குச் சந்தாவில் உதவி. கம்பெனிகள் வசூலிக்கும் சந்தாவில் 80 அல்லது 85 சதவீதத்தையாவது மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும். 2010-இல் ஐந்து கோடியை நெருங்கியிருந்த இன்சூரன்ஸ் இல்லாதோர் தொகை, 2023-இல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் 2017-இல் செய்த மாற்றத்தால், 2019 முதல் நாடு தழுவிய அபராதம் பூஜ்யமாக்கப்பட்டுவிட்டது. சந்தாவுக்கான உதவிப் பணம் இருந்ததால் வாஷிங்டன் மாநிலத்தின் கதி மீண்டும் நேரவில்லை.

எனினும் குறைகள் தீரவில்லை. பல ஒப்பந்தங்களில், கம்பெனி ஒரு டாலர் தருவதற்கு முன் நோயாளி ஆயிரக்கணக்கான டாலரைத் தாமே செலவிட வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த சிகிச்சைக்குக் கம்பெனியின் முன் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். கையில் அட்டை இருந்தும் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். நோயாளியை வாசலிலேயே மறுப்பது நின்றது. உள்ளே வந்தவரைத் தாமதப்படுத்துவது தொடர்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? தனியார் நடத்துவதா, அரசாங்கம் நடத்துவதா என்பது மட்டும் கேள்வியன்று. டல்லஸ் திட்டமும் அரசாங்கம் நடத்தியதன்று. ஆயினும் அது நன்றாகவே நடந்தது. நலமுள்ளவரும் நோயுற்றவரும் ஒரே உண்டியலில் இருக்கிறார்களா என்பதே முதற்கேள்வி. அவர்களைப் பிரித்தெடுப்பதால் எவருக்கேனும் இலாபம் உண்டு என்றால், என்றேனும் ஒரு நாள் எவரேனும் பிரித்தே தீருவார்கள். அதைத் தடுக்கும் விதி இல்லாத உண்டியல் நிலைக்காது.

எனவே, எந்த நாட்டிலும் எந்த மருத்துவ இன்சூரன்ஸ் திட்டத்தைப் பற்றியும் நீங்கள் படிக்கும்போது, சந்தா எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதீர்கள். இதில் யார் சேரலாம்? யாருக்கு இடமில்லை? வேலை போனபின் என்ன ஆகும்? முன்பே நோயிருந்தால் என்ன சொல்வார்கள்? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். விடைகளை ஒரு தாளில் எழுதினால், அந்தத் திட்டம் பொது உண்டியல்தானா, அல்லது நலமாக இருப்பவர்களுக்கு மட்டும் விற்கப்படும் சீட்டா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.